ஜன்னலோர இடமும் நம் கடை நாற்காலியும்

மரியாதைக்குரிய வக்கீல் மச்சான் அவர்களுக்கு,

நாற்காலிக் கடைக்காரனான உங்கள் தங்கை கணவன் கட்டிலில் குப்புறப் படுத்தபடி எழுதிக்கொள்வது. இங்கே என் இடுப்புக்குக் கீழே ஒரு பகுதியைத் தவிர அனைவரும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் நலமாகவும், உட்காரக்கூடிய நிலையிலும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நடந்தது இதுதான். உங்கள் மருமகளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நீக்கப் பார்த்தார்கள். தட்டிக் கேட்கப் போன நான், தலைமையாசிரியை அறையில் நாற்காலி உடைந்து விழுந்தேன். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். நான்தான் கடைக்குப் போகவில்லை.

அவள் செய்த குற்றத்தைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. வகுப்பில் ஜன்னலோரமாக, மின்விசிறிக்கு நேர் கீழே அவளுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அதை அவள் பாடவேளைக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டிருக்கிறாள். வாடகை பென்சிலாகவும் ரப்பராகவும் வசூல். கணக்குப் பாடத்தில் தூக்கம் நன்றாக வருமாம், அதற்கு மட்டும் இரட்டிப்பு. ஒருத்தியிடம் முன்பணமாக ஒரு பென்சில் பெட்டியையே வாங்கிக்கொண்டு, இடத்தை இன்னொருத்திக்குக் கொடுத்ததில்தான் விஷயம் வெடித்தது. பெற்றவனுக்குக் கோபம் வந்தது, வியாபாரிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டையும் ஒரே முகத்தில் காட்டத் தெரியாமல்தான் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் மூன்று சொன்னீர்கள்: பிள்ளையை விசாரிக்காமல் நீக்கக் கூடாது, குற்றச்சாட்டை எழுத்தில் கேளுங்கள், குரலை உயர்த்தாதீர்கள். முதல் இரண்டும் நன்றாக நினைவிருந்தன.

தலைமையாசிரியை எடுத்த எடுப்பிலேயே, "சான்றிதழை வாங்கிக்கிட்டு வேற பள்ளிக்கூடம் பாருங்க சார். இடம் பள்ளிக்கூடத்தோடது. அதை வாடகைக்கு விட இவ யாரு?" என்றார். நான் விடுவேனா? "உள்வாடகை கூடாதுன்னா முதல்லயே சொல்லியிருக்கணும். எங்க, எழுத்துல காட்டுங்க பாப்போம்!" என்று எம்பி மேசையைத் தட்டிவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தேன். சடசடவென்று ஒரு சத்தம். கால் மேலே, நான் கீழே. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தலைமையாசிரியையின் செருப்புதான். அந்த நிலையிலும் எனக்கு உரிமை மறக்கவில்லை மச்சான்! அவர்கள் இடத்தில் அடிபட்டால் அவர்கள்தானே பதில் சொல்ல வேண்டும்? "நஷ்டஈடு!" என்று தரையிலிருந்தே கத்தினேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "எந்தத் திருட்டுப்பய கடையில வாங்கினீங்க இந்த நாற்காலிய? அவன சும்மா விடாதீங்க! கோர்ட்டுக்கு இழுங்க, நானே வந்து சாட்சி சொல்றேன்!"

 பிறகு தலைமையாசிரியை குனிந்து மேசைக்கடியில் எட்டிப் பார்த்தார்.

"உங்க கடையிலதான் சார். யானை உட்கார்ந்தாலும் உடையாதுன்னு ஒவ்வொண்ணு மேலயும் ஏறி நின்னு குதிச்சுக் காட்டினீங்களே. அன்னிலேருந்துதான் எல்லாமே கிரீச்சுங்குது."

குதித்தேன்தான். விற்கிற உற்சாகத்தில் குதிக்காத வியாபாரி உண்டா? ஆக, கேஸ் போட வேண்டியவன் நான், மாட்ட வேண்டியவன் நான், சாட்சியும் நான். உங்கள் அனுபவத்தில் இப்படி ஒரு வழக்கு வந்ததுண்டா? வந்தால் பீஸ் யார் யாருக்குக் கொடுப்பது?

அதுவரை மூலையில் கைகட்டி நின்ற உங்கள் மருமகள் முன்னால் வந்தாள். என்னைத் தூக்கிவிட என்று நினைத்தேன்.

"மேடம், நாற்காலி கேஸுல அப்பா தோத்துட்டார். என் கேஸுல என்னை நீங்க இன்னும் விசாரிக்கவே இல்ல. ரெண்டையும் சேர்த்தே முடிச்சுக்கலாமா?"

"எப்படி?"

"முன்பணம் வாங்கிட்டு இடம் குடுக்காதது என் தப்பு. திருப்பிக் குடுத்து மன்னிப்புக் கேக்கறேன். ஜன்னலோரம் இனிமே வாரம் ஒருத்தருக்கு. அப்பா எல்லா நாற்காலியையும் புதுசா மாத்திக் குடுப்பார்."

"அடியேய்!" என்றேன் கீழிருந்து.

"அப்பா, நீங்க எதிர்த்தரப்பு. குறுக்கப் பேசாதீங்க."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். சிரிப்பை அடக்கினார் என்பது என் கணிப்பு. "சரி, நாளைக்கு வகுப்புக்கு வா" என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும் மச்சான், இடுப்பு போனால் போகட்டும்.

பழைய பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கடை வாசலில் குவித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். உருக்கத்தான் அனுப்பப் போகிறேன், ஒருவரையும் அவற்றில் உட்கார விடமாட்டேன். படிப்பு முடியும்வரை வியாபாரத்தில் வாயே திறப்பதில்லை என்று உங்கள் மருமகளும் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறாள். நாங்கள் திருந்திவிட்டோம்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். செயலாளராக நின்று நீங்கள் நடத்தும் வக்கீல் சங்க ஆண்டுக் கூட்டம் ஜோராக நடக்கட்டும். வந்தவர்கள் எல்லாம் வந்தபடியே எழுந்து வீடு போகட்டும்.

இப்படிக்கு,
படுத்திருக்கும் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை ஓடி வந்தாள். நான் படுத்துவிட்டதால் பள்ளிக்கூடம் விட்டதும் உங்கள் மருமகள்தான் கடையைப் பார்த்துக்கொண்டாளாம். உங்கள் சங்கத்து ஆள் கூட்டத்துக்கு நாற்காலி தேடி வண்டியோடு வந்தாராம். வாசலில் குவிந்திருந்ததைக் காட்டி, "ஒவ்வொண்ணு மேலயும் அப்பாவே ஏறி நின்னு குதிச்சுப் பார்த்ததுங்க" என்றிருக்கிறாள். சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. நீங்களே நினைத்தாலும் கேஸ் போட முடியாது. பேசி முடித்தது: விலை, புதியதில் பாதி. கையோடு பணம். வண்டிச் செலவு அவர்களுடையது. திருப்பி எடுப்பதில்லை. செயலாளர் தாய்மாமன் என்பதால், அவருக்கு மட்டும் ஒரு மரப்பெஞ்சு இலவசம்.