படகில் எழுந்து நிற்கக் கூடாது

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். நான், உங்கள் தங்கை, பிள்ளைகள் இருவர் ஆகிய நால்வரும் உயிரோடு இருக்கிறோம். ‘நலம்’ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா அந்தச் சொல்லுக்கு முன்னால் நின்றுவிட்டது. தாங்கள் நலமாகவே இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஏனென்றால் தாங்கள் எங்கேயும் போகவில்லை. யோசனை சொல்லிவிட்டு வீட்டில் இருந்துகொண்டீர்கள்.

கோடை விடுமுறை தொடங்கிய வாரம் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததும், கூடத்தில் நாங்கள் நான்கு பேரும் நான்கு மூலையில் உட்கார்ந்து நான்கு போன்களைப் பார்த்துக்கொண்டிருந்ததும், இப்படியே விட்டால் ஒருத்தர் முகம் ஒருத்தருக்கு மறந்துவிடும், எங்கேயாவது காட்டுப்பக்கம் போங்கள் மாப்பிள்ளை என்று சொல்லி மறுநாளே உங்கள் கூடாரத்தை அனுப்பிவைத்ததும் நினைவிருக்கும். நான் தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரி. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் விரல் இயந்திரத்துக்குள் போகாமல் பார்த்துக்கொள்வதே என் பிழைப்பு. தொழிலாளிகள் முதுகுக்குப் பின்னால் என்னை ‘ஜாக்கிரதை’ என்று கூப்பிடுகிறார்கள். அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டவன் குடும்பத்தைச் சும்மா வெட்டவெளிக்குக் கூட்டிப்போவேனா? செய்யக்கூடாதவை முப்பத்தொன்றை வரிசையாகத் தட்டச்சு செய்து, ஆளுக்கொரு பிரதி கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வண்டியைக் கிளப்பினேன். பெரியவள் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள், பதினாறு வயது. சின்னவள் பத்து வயதுக்காரி, கையெழுத்துக்குக் கீழே தொப்பி போட்ட பூதம் ஒன்றை வரைந்து கொடுத்தாள். அது நான்தான் என்று பிறகு தெரிந்தது.

நான்கு மணி நேரப் பயணத்துக்குப் பிறகு, மலையடிவாரத்து ஏரிக்கரையில் இருந்த முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். கூடாரத்தை நான் ஒருவனாகவே, காகிதத்தில் போட்டிருந்தபடி, இரண்டே கால் மணி நேரத்தில் எழுப்பினேன். எழுப்பிய பிறகு பார்த்தால் அதன் வாசல் முட்புதருக்குள் இருந்தது. உங்கள் தங்கை நான்கு முளைகளையும் பிடுங்கி, முழுக் கூடாரத்தையும் திருப்பி, பத்து நிமிஷத்தில் வாசலை ஏரியைப் பார்க்க வைத்தாள். நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவளுக்கு இது எப்படிக் கைவந்தது என்று அப்போதே நான் விசாரித்திருக்க வேண்டும். விட்டுவிட்டேன். மறுநாள் மலையேற்றம். வரைபடம், திசைகாட்டி, ஊதல் மூன்றையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். மூச்சு வாங்க வாங்க நடந்து, உச்சி வந்துவிட்டது என்று நினைத்து ஒரு பாறையைச் சுற்றித் திரும்பினால், முகாமின் பெயர்ப்பலகை நிற்கிறது. இன்னும் இரண்டு தடவை போனோம், இரண்டு தடவையும் அதே பலகை. முகாமைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே, “மூணாவது தடவையா வர்றீங்களே, ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களா?” என்று கேட்டாள். மானத்தை என்று சொல்ல வாய் வரை வந்தது.

மச்சான், இதெல்லாம் தூசு. மூன்றாம் நாள் காலை படகுச் சவாரி. எனக்குத் தண்ணீர் ஆகாது, உங்களுக்கே தெரியும்; வாளித் தண்ணீரைக்கூட ஒரு மரியாதையான தூரத்தில் வைத்துத்தான் குளிப்பேன். ஆனாலும் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். லைஃப் ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து மாட்டிவிட்டு, துடுப்புப் படகில் ஏறினோம். கரையிலிருந்து ஐம்பது அறுபது அடி போயிருப்போம். சின்னவளின் கொக்கி சரியாக மாட்டவில்லை என்று என் கண்ணில் பட்டது. எப்படி மாட்டுவது என்று காட்டுவதற்காக என் ஜாக்கெட்டைக் கழற்றினேன். கழற்றிய கையோடு, பெரியவள் காலைத் தூக்கிப் படகின் ஓரத்தில் வைப்பதைப் பார்த்தேன். பதினான்காம் விதியை எல்லோருக்கும் ஒருமுறை நினைவூட்ட வேண்டும் என்று தோன்றியது. சத்தமாகச் சொன்னால்தானே காதில் விழும் என்று எழுந்து நின்றேன். பதினான்காம் விதி, படகில் எழுந்து நிற்கக் கூடாது என்பது.

விழுந்தது எனக்குத் தெரியவில்லை. படகு மேலே போனது மாதிரிதான் இருந்தது. பச்சையாக ஒரு வெளிச்சம், காதுக்குள் குடுகுடுவென்று சத்தம், வாய் நிறைய ஏரி. இந்த விபத்துக்கு அறிக்கையை யார் எழுதுவார்கள் என்ற யோசனை எனக்கு அந்த நேரத்தில் வந்தது, வெட்கமாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுகிறேன். அப்போது மேலே படகில் என்ன நடந்தது என்பதைப் பிள்ளைகள்தான் பிறகு சொன்னார்கள். உங்கள் தங்கை கத்தவில்லையாம். கண்ணாடியைக் கழற்றிச் சின்னவள் கையில் கொடுத்தாளாம், செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தாளாம், அந்த லைஃப் ஜாக்கெட்டையும் இடைஞ்சல் என்று கழற்றிப் போட்டுவிட்டுத் தலைகீழாகப் பாய்ந்தாளாம். அடியில் என் சட்டைக் காலரை யாரோ பிடித்தார்கள். தலை மேலே வந்ததும் நான் கிடைத்த கழுத்தைக் கட்டிக்கொண்டேன். பளாரென்று கன்னத்தில் ஓர் அறை. பத்தொன்பது வருஷத்தில் முதல் அறை, மச்சான். “கையைக் காலை ஆட்டாதீங்க. மல்லாக்கப் படுங்க. நான் பிடிச்சிருக்கேன்,” என்றாள். படுத்தேன். அந்தக் குரலுக்கு எங்கள் தொழிற்சாலையே படுத்திருக்கும்.

என்னைக் கரையில் கிடத்தி, முதுகில் நாலு தட்டுத் தட்டி, உள்ளே போன ஏரியில் பாதியை வெளியே வரவழைத்தாள். இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் படகு பிள்ளைகளோடு நடு ஏரிக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது; நான் விழுந்த வேகத்தில் துடுப்பு இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. சின்னவள் அழ ஆரம்பித்துவிட்டாள். உங்கள் தங்கை ஈரத் தலைமுடியைச் சுருட்டிச் செருகிக்கொண்டு மறுபடி இறங்கினாள். அப்போதுதான் நான் பார்த்தேன். கை மாற்றிக் கை போட்டு, தண்ணீரே சிதறாமல், கத்தரிக்கோல் துணியில் போகிற மாதிரிப் போனாள். படகின் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு இழுத்து வந்தாள். என்னோடு பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளை, நான் சேற்றில் உட்கார்ந்துகொண்டு, யாரோ போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோதுதான் மீதி இடியும் இறங்கியது. கல்லூரியில் நான்கு வருஷமும் நீச்சலில் உங்கள் தங்கைக்குத்தான் முதலிடமாம். அப்படியானால் உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்கிற அந்தக் கோப்பைகள்? கல்யாணமான புதிதில் நான் அவற்றைப் பார்த்து வியந்தபோது, மீசையைத் தடவிக்கொண்டு, “அதெல்லாம் ஒரு காலம் மாப்பிள்ளை” என்றீர்களே, யாருடைய காலம் என்று சொன்னீர்களா? நானும் இத்தனை வருஷம் உங்கள் புஜத்தை மரியாதையோடு பார்த்துவந்திருக்கிறேன். உங்களுக்குத் தண்ணீரில் நிற்கவே வராது என்கிறாள் உங்கள் தங்கை. இதற்கு எழுத்து மூலம் விளக்கம் வேண்டும்.

பெரியவள்தான், “ஏம்மா எங்களுக்குச் சொல்லித் தரலை?” என்று கேட்டாள். உங்கள் தங்கை அடுப்பைக் குறைத்தாள். பிள்ளைகள் பாத்திரம் கழுவப் போன பிறகு நானே கேட்டேன், என்னிடமாவது ஏன் சொல்லவில்லை என்று. கல்யாணமான முதல் மாதம் பஸ்ஸில் ஒரு பாலத்தைக் கடந்தபோது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேனாம், நம் வீட்டில் யாரும் தண்ணீர்ப் பக்கமே போக வேண்டாம் என்றேனாம். எனக்கு அது ஞாபகமே இல்லை.

“அப்ப சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு விட்டுட்டேன்,” என்றாள். “அப்புறம் சொல்லியிருக்கலாம். ஆனா நீங்க எதையும் கேக்கலையே. எப்பவும் சொல்லிக்கிட்டேதானே இருந்தீங்க.”

மச்சான், ஏரியில் விழுந்தபோதுகூட எனக்கு இப்படி மூச்சு முட்டவில்லை. அடுத்தவருக்கு எது ஆபத்து என்று பட்டியல் போட்டே காலம் போய்விட்டது; பக்கத்தில் இருக்கிறவளுக்கு எது பிடிக்கும் என்று ஒரு வரி எழுதி வைக்கவில்லை. அவளிடம் இதைச் சொல்ல வரவில்லை. கன்னம் இன்னும் வலிக்கிறதா என்று அவள் கேட்டாள், இல்லை என்றேன். வலித்தது.

ஆகவே இத்தால் தெரிவிப்பது: இனி இந்தக் குடும்பம் காடு, மலை, ஏரி எதையும் எட்டிப் பார்ப்பதாக இல்லை. உங்கள் கூடாரத்தைத் துவைத்துக் காயவைத்து, முளை குறையாமல் பார்சலில் அனுப்புகிறேன். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்டு அனுப்பவும். தங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் தரையிலேயே நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: எழுதிய கடிதம் மூன்று வாரமாக மேசை இழுப்பறையில் கிடந்துவிட்டது. கூடாரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், அது எங்களுக்கு வேண்டும். இங்கே ஒரு நீச்சல் குளத்துக்குத் தினமும் காலை ஆறு மணிக்கு நால்வரும் போகிறோம். பிள்ளைகள் ஆழமான பக்கத்துக்குப் போய்விட்டார்கள். நான் ஆழமில்லாத பக்கத்தில், முதுகுக்கு அடியில் உங்கள் தங்கையின் கை இருக்கிற தைரியத்தில் மிதந்துகொண்டிருக்கிறேன். இன்று காலை அவளிடம், “கையை மட்டும் எடுத்துடாதே” என்று சொல்லிவைத்தேன். அதை எடுத்து மூன்று நாள் ஆகிறது என்கிறாள்.