சுத்தமான பல்லேடியத்துக்கு நான் பொறுப்பில்லை

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, உங்கள் மனைவியின் தம்பியும் உங்கள் வாசனைத் தொழிற்சாலையின் ஒரே கெமிஸ்ட்டுமான நான் வணக்கத்துடன் எழுதுவது. மாடியில் நான் நலம். கீழே நீங்களும் நலம் என்று உங்கள் சத்தத்திலிருந்து தெரிகிறது.

திங்கட்கிழமைக்குள் மன்னிப்புக் கடிதம் வராவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்றீர்கள். கடிதம் இதுதான். மன்னிப்பு இதில் இல்லை, தேடிச் சிரமப்பட வேண்டாம்.

நம் மூலப்பொருளுக்குள் ஹைட்ரஜனைச் செலுத்தினால் அதிலுள்ள முப்பிணைப்பு இரட்டைப் பிணைப்பாகும், அப்போதுதான் வெட்டிய புல் வாசனை வரும், அங்கேயே நிறுத்த வேண்டும், அதையும் தாண்டினால் வாசனை போச்சு. வினையூக்கியாகப் போடும் பல்லேடியம் சுத்தமாக இருந்தால் அதற்கு நிறுத்தத் தெரியாது, அதனால்தான் ஈயம் சேர்த்து அதன் வேகத்தை அடக்கி வைத்திருக்கிறோம், பாதி வழியில் தானாகச் சோர்ந்துவிடும், ஹைட்ரஜன் மீட்டரின் முள் நிற்கும், நான் வால்வை மூடுவேன், இத்தனை வருஷமா இதுதானே நடக்குது. நான் பல் பிடுங்கப் போன அன்னிக்கு நீங்க ஆய்வகத்துக்குள்ள வந்து, டப்பாவில ஈயம்னு எழுதியிருந்ததைப் பார்த்துட்டு, "கலப்படத்தை வச்சா வேலை பாக்கறான்?"னு அதைக் கொட்டிட்டு, சுத்தமான பல்லேடியத்தை வாங்கி அதே டப்பாவில நிரப்பி வச்சீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? மறுநாள் வீங்கின கன்னத்தோட, முள் நிக்கும் நிக்கும்னு நான் நிக்கறேன், அது நிக்கற வழியா இல்லை. ஹைட்ரஜனை மடக்கு மடக்குன்னு கடைசி வரைக்கும் குடிச்சுட்டுத்தான் ஓய்ஞ்சுது. திறந்து பார்த்தா புல்லும் இல்லை, பூண்டும் இல்லை, பழைய எண்ணெய்ச் சட்டி நாத்தம். "வால்வை ஏன் மூடலை?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டீங்க. "டப்பாவை ஏன் திறந்தீங்க?"ன்னு நான் கேட்டேன். அதுக்குப் பதிலா மன்னிப்புக் கடிதம் கேக்கறீங்க.

ஆகவே அத்தான், தலை போனாலும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

வேலையை ராஜினாமா செய்கிறேன். மாடியையும் காலி செய்கிறேன். இனி உங்கள் முகத்தில் விழிக்க மாட்டேன். நீங்களும் அந்த எண்ணெய்ச் சட்டியும் நீடூழி வாழ்க. குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
தலை குனியாத உங்கள் மைத்துனன்

பி.கு.: அக்கா இதை வாங்கிப் படித்தாள். "மன்னிப்புக் கேக்க மாட்டேங்கறதோட நிறுத்திக்கோ. அவர்கிட்டயும் பேசிட்டேன், வேலைக்கு வராதேங்கறதை அவரும் நிறுத்திக்கிட்டார்" என்றாள். எனவே அந்த வரிக்குக் கீழே உள்ளதைப் படிக்க வேண்டாம். திங்கட்கிழமை வருகிறேன். அதற்குள் ஈயம் சேர்த்த பல்லேடியம் வாங்கி வையுங்கள். வீட்டில் ஈயத்தின் வேலைக்கு அக்கா இருக்கிறாள், தொழிற்சாலையில் யாரும் இல்லை.