ஐந்து மணிக்குள் ஒரு மெயில்

ரோஸ்மேரி அந்த ஃபைலைத் திறக்கச் சொல்லி லேப்டாப்பில் இரண்டு தட்டு தட்டியபோது மணி பத்து நாற்பது. அதற்குப் பிறகு மருதாள் டீ கொண்டுவந்து வைத்து, டீயில் ஆடை படிந்து, ரோஸ்மேரி அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு மீதியைக் குடித்தும் முடித்துவிட்டாள். திரையில் மணல் கடிகாரம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

"இன்னும் தொறக்கலீங்களா அம்மணி?" என்றாள் மருதாள். அலுவலகத்தைக் கூட்டி, டீ போட்டு, புதிதாக வருகிறவர்களுக்குக் கிலி மூட்டுவது அவள் வேலை. கடைசி வேலைக்குச் சம்பளம் கிடையாது, ஆசைக்குச் செய்வது.

"தொறக்கப் போற மாதிரியே இருக்குக்கா. தொறக்கத்தான் மாட்டேங்கு."

"உங்களுக்கு முன்ன இந்தச் சேர்ல உக்காந்திருந்த ரெண்டு பேருத்துக்கும் இதாலதானுங்க வேலை போச்சு."

"எதால?"

"இந்த லேப்டாப்பாலதான். மொதலாளி ரூமுக்குள்ள கூப்ட்டு, லேப்டாப்பு லேப்டாப்புன்னு ஒரே சத்தம் போட்டாருங்க. மக்காநாளு அவங்க வரலை."

மருதாள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்விட்டாள். ரோஸ்மேரி லேப்டாப்பில் இன்னும் இரண்டு தட்டு தட்டினாள்.

மாரக்காள் எக்ஸ்போர்ட்ஸில் அவள் சேர்ந்து நாளையோடு மூன்று மாதம் முடிகிறது. நாளைக்குத்தான் வேலை நிரந்தரமா இல்லையா என்று முதலாளி லிங்கசாமி சொல்வார். நிரந்தரம்தான் என்று நம்பி நாசரேத்திலிருந்து அவள் அம்மா ஞாயிற்றுக்கிழமை ரயிலில் அரிசிப் பானை, அம்மிக்குழவி, மாதா படம் எல்லாவற்றோடும் திருப்பூருக்கே குடிவருகிறாள். ஊரில் இருந்த வாடகை வீட்டின் சாவியையும் கொடுத்தாகிவிட்டது. திரும்பிப் போக இடமில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் ஜெர்மனிக்காரன் கோபித்துக்கொண்டான். பன்னிரண்டாயிரம் குழந்தை பனியனுக்கு ஆர்டர் கொடுத்தவன். எத்தனை வெட்டியாயிற்று, எத்தனை தைத்தாயிற்று என்று தினமும் ஒரு கணக்குத்தாள் மெயிலில் வர வேண்டும் என்பது அவன் நிபந்தனை. ரோஸ்மேரி தினமும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் நான்கு நாளாக ஒன்றுகூட வரவில்லை என்று நேற்று போனில் குதித்தான். நாளை, அதாவது இன்று, உங்கள் ஊர் நேரப்படி சாயங்காலம் ஐந்து மணிக்குள் கணக்கும் போட்டோக்களும் வராவிட்டால் ஆர்டர் ரத்து என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

கணக்கு ஒன்றும் பெரிய கணக்கில்லை. பெருமாநல்லூர் யூனிட்டிலிருந்து மேனேஜர் போனில் சொல்வார், இவள் அடிப்பாள். இத்தனை நாளும் கட்டிங் பூஜ்யம், தையல் பூஜ்யம், பேக்கிங் பூஜ்யம். பூஜ்யத்தை அப்படியே போடலாமா என்று முதல் நாள் அவள் தயங்கியபடி லிங்கசாமியிடம் கேட்டிருக்கிறாள்.

"உள்ளதை உள்ளபடி போடுங்க கண்ணு," என்றார் அவர். "ஆர்டர் குடுக்கற பையர்கிட்ட நான் இன்னைக்கு வரைக்கும் ஒரு பொய் சொன்னதில்லைங்க."

ரோஸ்மேரிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு முதலாளியா என்று அன்று இரவு அம்மாவிடம் போனில் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

யூனிட்டில் எடுத்த எட்டு போட்டோக்களும் வந்திருந்தன. எல்லாவற்றிலும் கட்டிங் டேபிள் துடைத்து விட்டது போலப் பளபளவென்று கிடந்தது. ஜெர்மனிக்காரர்களுக்குச் சுத்தம் பிடிக்குமாமே, பார்த்தால் சந்தோஷப்படுவான் என்றுதான் அவள் நினைத்தாள். பனியன் விவகாரம் பிடிபட மூன்று மாதம் போதாது.

பதினொன்றேகாலுக்கு லிங்கசாமி போன் செய்தார். கணியூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் இருந்தார். பின்னால் நாயனம் கேட்டது.

"சார், லேப்டாப் ரொம்ப ஸ்லோவா இருக்கு சார். ஃபைலே தொறக்கல."

திட்டுக்குத் தயாராகி போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். பனியனில் ஒரு நூல் தொங்கினால் நாலு தெருவுக்குக் கேட்கும்படி கத்துகிற மனிதர் அவர்.

"பரவால்லீங்க கண்ணு," என்றார் லிங்கசாமி. "மெதுவாவே பாருங்க. ஒண்ணும் அவசரமில்லை."

"கீழ பிரவுசிங் சென்டர்ல போய் அனுப்பிரட்டுமா சார்?"

"ஐயோ, அது மட்டும் வேண்டாங்க! கம்பெனி விசயம் கம்பெனி லேப்டாப்லதான் போவோணும். அதுல போனாப் போவட்டும், போகாட்டி உடுங்க."

ரோஸ்மேரி போனை வைத்தாள். கத்துகிறவர் கத்தாமல் பேசினால் என்ன அர்த்தம்? கணக்கை முடிக்கத் தீர்மானித்துவிட்டார் என்று அர்த்தம். எப்படியாவது ஐந்து மணிக்குள் இந்த லேப்டாப்பை வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

"சூடு பாருங்க, தோசைக்கல்லாட்ட இருக்குது," என்றாள் மருதாள், லேப்டாப்பின் அடியில் கை வைத்துப் பார்த்து. "கட்டை டேபிள் மேல வெச்சா அப்படித்தானுங்க இருக்கும். கொஞ்சம் மெத்துன்னு வெய்யுங்க."

திருப்பூரில் எதையும் துடைக்கவும், கட்டவும், அடைக்கவும், மெத்தையாகப் போடவும் பனியன் வேஸ்ட்தான். மருதாள் ஒரு கூடை துணித்துண்டுகளைக் கொண்டுவந்து குவித்து, அதன்மேல் லேப்டாப்பைப் பச்சைக் குழந்தையைப் போலக் கிடத்தினாள். காற்று போகிற துவாரமெல்லாம் அடைத்துக்கொண்டது. பத்து நிமிடத்தில் லேப்டாப் ஒரு பெருமூச்சு விட்டு அணைந்துபோனது.

"தூங்கிருச்சாட்டங்க," என்றாள் மருதாள்.

அது மறுபடி கண் விழிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. முன்பு மணல் கடிகாரம் மட்டும்தான் நின்றது. இப்போது அம்புக்குறியும் நகரவில்லை.

சாப்பாட்டு நேரத்துக்கு ராக்கையா வந்தார். கீழ்த்தளத்தில் சாம்பிள் தைக்கிற தையல் மெஷின்களுக்கெல்லாம் அவர்தான் மெக்கானிக். பரமக்குடிக்காரர். ஓடுகிற எதையும் அவரால் பிரிக்க முடியும். பிரித்த எதையும் ஓட வைப்பார் என்று மட்டும் யாரும் உத்தரவாதம் தந்ததில்லை.

லேப்டாப்பைத் தூக்கிக் காதருகே வைத்துக் கேட்டார்.

"உள்ள ஃபேன் சுத்துது. ஆனா இழுத்து இழுத்துச் சுத்துது. ஏந்தாயி, இதுக்கு ஆயில் விட்டு எத்தனை நாளாச்சு?"

"இதுக்கு ஆயில் விடணுமா அண்ணே?"

"ஆயில் விடாம எந்த மெசின் தாயி ஓடும்? மொதல்ல பஞ்சை எடுப்போம்."

தையல் மெஷினில் அடைந்த பஞ்சை ஊதுகிற காற்றுக் குழாயைக் கீழேயிருந்து இழுத்துவந்தார். லேப்டாப்பின் விலாவில் வைத்து ஒரே அழுத்து. சீறிக்கொண்டு போன காற்றில் உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி பஞ்சு பறந்தது. கூடவே கீபோர்டிலிருந்து மூன்று பொத்தான்களும் பறந்து பனியன் வேஸ்ட் கூடைக்குள் விழுந்தன. ரோஸ்மேரியும் மருதாளும் கூடையைக் கவிழ்த்துத் துழாவியதில் இரண்டு கிடைத்தன. என்டர் பொத்தான் கிடைக்கவே இல்லை.

"அது இருந்த எடத்துல பேனாவை வச்சுக் குத்திக்கலாம், பயப்படாத," என்று சொல்லிக்கொண்டே ராக்கையா ஃபேனுக்கு நாலு சொட்டு மெஷின் ஆயில் விட்டார். பிறகு லேப்டாப்புக்குத்தானே என்று தாராளமாக இன்னும் நாலு சொட்டு.

ஆன் செய்ததும் ஃபேன் ஜோராகச் சுற்றியது. ஒரு நிமிடம் கழித்து ஓட்டை வழியாக நீலமாகப் புகை வந்தது. மருதாள் ஓடிப்போய் ஒரு குடம் தண்ணீரோடு வந்து நின்றாள். ராக்கையா குறுக்கே விழுந்து தடுத்திராவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சரியாக அப்போது போன் அடித்தது.

"என்னாச்சுங்க கண்ணு?" லிங்கசாமி.

"சார்… புகை வந்துட்டு சார்." அவளுக்கு அழுகை முட்டியது.

"புகையா? அட, உடுங்க. மெசின்னா புகை வர்றதுதான். மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. நேரத்துக்குச் சாப்ட்டீங்களா?"

ரோஸ்மேரிக்கு உயிரே போய்விட்டது. மூன்று மாதத்தில் ஒருநாள்கூட அவர் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. தூக்கில் தொங்கப் போகிறவனைத்தான் அப்படிக் கேட்பார்கள். அம்மா அரிசிப் பானையும் அம்மிக்குழவியுமாக ரயில் நிலையத்தில் நிற்பது கண்முன்னே வந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஓடினாள்.

வெளியே போய் அனுப்பாதே என்றுதானே சொன்னார்? வெளியிலிருந்து ஆளைக் கூட்டிவரக் கூடாது என்று சொல்லவில்லையே. பிரவுசிங் சென்டர் நடத்துகிற தரணீதரனைக் கையோடு அழைத்துவந்தபோது மணி மூன்றரை.

தரணீதரன் முதலில் மூக்கைச் சுளித்தான். "என்னங்க, எண்ணெய்ப் பலகாரம் சுட்ட வாசம் அடிக்குது?"

அவன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தான். பார்க்கப் பார்க்க அவன் முகமும் குழம்பியது.

"இதுல மூணு ஆன்டிவைரஸ் இருக்குதுங்க."

"மூணு இருந்தா நல்லதுதான?"

"ஒண்ணை ஒண்ணு வைரஸுன்னு நெனச்சுத் தொரத்திட்டு இருக்குதுங்க. இதுக்கு எங்கீங்க வேலை செய்ய நேரம்?" அவன் பின்பக்க மூடியைக் கழற்றினான். "அட, ரெண்டு ரேம் மெமரி போடற எடத்துல ஒண்ணுதான் இருக்குது. இன்னொண்ணு யாரோ கழட்டி எடுத்தாப்பல இருக்குதுங்க."

"யாரு எடுத்திருப்பா?"

"இதுல வேலை தெரிஞ்ச ஆளுதான். ஸ்க்ரூ எல்லாம் சுத்தமா மாட்டியிருக்குது." தலையைச் சொறிந்தான். "ஏனுங்க, ஒரு லேப்டாப்பைக் கெடுக்கோணும்னு நெனச்சாக்கூட இத்தனை நல்லாக் கெடுக்க முடியாதுங்க."

முன்னால் இருந்த இரண்டு பேரும் கோபத்தில் செய்துவிட்டுப் போன வேலை என்று ரோஸ்மேரி முடிவு செய்தாள். பாவம், வேலை போன ஆத்திரம். தனக்கும் நாளைக்கு வேலை போனால் இப்படியெல்லாம் செய்யத் தோன்றுமோ என்று ஒரு கணம் யோசித்து, கூடவே சிலுவையும் போட்டுக்கொண்டாள்.

தரணீதரன் இரண்டு ஆன்டிவைரஸ்களை நீக்கினான். தன் கடையில் சும்மா கிடந்த ஒரு ரேம் மெமரியைக் கொண்டுவந்து மாட்டினான். எண்ணெயைப் பனியன் வேஸ்டால் ஒற்றி எடுத்தான். லேப்டாப்பை ஆன் செய்தபோது மணி நாலு ஐம்பது.

ரோஸ்மேரி கண்ணை மூடிக்கொண்டு ஃபைலைத் தட்டினாள். கண்ணைத் திறப்பதற்குள் ஃபைல் திறந்திருந்தது. போட்டோக்களைச் சேர்த்தாள். என்டர் இருந்த குழியில் பேனாவின் பின்பக்கத்தால் ஒரு குத்து குத்தினாள். மெயில் போய்விட்டது. அதோடு நிற்காமல், நான்கு நாளாக அவள் அனுப்பியதாக நினைத்து உள்ளேயே தேங்கிக் கிடந்த மற்ற மெயில்களும் வரிசையாகக் கிளம்பின. மொத்தம் ஐந்து. மணி நாலு ஐம்பத்தாறு.

"போயிட்டு!" என்று கத்தினாள். மருதாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள்.

ரோஸ்மேரி உடனே முதலாளிக்குப் போன் செய்தாள். அவர் காரில் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"சார், லேப்டாப் சரியாயிட்டு சார்! இப்ப குதிரை மாதிரி ஓடுது. மெயில் போயிட்டு!"



"எந்த மெயிலுங்க?" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"எல்லாம் சார். நாலு நாள் கணக்கும் போயிட்டு. அஞ்சு மெயில்!"

"போட்டோ?"

"எட்டும் போயிட்டு சார்!"

"கிட்டுசாமி, வண்டிய ஓரங்கட்டுங்க," என்று அவர் டிரைவரிடம் சொல்வது கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டது.

சந்தோஷத்தில் அவருக்குப் பேச்சு வரவில்லை என்று ரோஸ்மேரி புரிந்துகொண்டாள். வண்டியை நிறுத்தச் சொல்கிற அளவுக்குச் சந்தோஷம். அம்மாவுக்குப் போன் செய்து, தைரியமாகக் கிளம்பி வா, குத்துவிளக்கையும் எடுத்துக்கொள் என்று சொன்னாள்.

ஆறு மணிக்கு டிரைவர் கிட்டுசாமி மட்டும் மாடியேறி வந்தார்.

"மொதலாளி கீழ கார்லயே உக்காந்திருக்காருங்க. லேப்டாப்பை எடுத்தாறச் சொன்னாரு."

"சார் ஒண்ணும் சொல்லலியா அண்ணே? சந்தோசமா இருக்காங்களா?"

கிட்டுசாமி லேப்டாப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"துணியே இன்னும் சாயப்பட்டறைய உட்டு வரலீங்க அம்மணி. இன்னும் பத்து நாளாகும். நம்ம மொதலாளிக்குப் பொய் சொல்றது ஆவாது, உங்களுக்கே தெரியும். அதனால நெசம் கொஞ்சம் லேட்டாப் போகட்டும்னு ஆள் வெச்சு இதைய ஸ்லோ பண்ணி வெச்சிருந்தாருங்க."

ரோஸ்மேரி லேப்டாப்பை மூடினாள்.

"அப்போ… எனக்கு முன்ன இருந்த ரெண்டு பேரு?"

"அவங்களும் உங்களையாட்டவே கெட்டிக்காரங்கதானுங்க அம்மணி, ஒரே நாள்ல சரி பண்ணிப் போட்டாங்க."