மிளகு உலர்த்தும் எளிய ஆங்கிலம்

அறிக்கை மறுபடியும் திரும்பி வந்திருந்தது.

"உங்கள் ஆங்கிலம் எங்களுக்கு விளங்கவில்லை. எளிமையாக, தெளிவாக எழுதி அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் வராவிட்டால் அடுத்த வருட நிதியைப் பற்றிப் பேச முடியாது" என்று நிதி தரும் வெளிநாட்டு நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தது.

அடுத்த வருட நிதி என்றால் சிவதர்ஷினியின் அடுத்த வருடச் சம்பளம். நாவுலயில் ஒரு வாடகை வீட்டில் இயங்கிய மிளகுத் திட்ட அலுவலகத்தில் அவள்தான் திட்ட உதவியாளர். அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"நீங்க கெம்பஸ்ல இங்கிலிஷ் படிச்ச ஆள்தானே மிஸ்?" என்றார் முகாமையாளர் இராசலிங்கம். "வெள்ளைக்காரனுக்கே விளங்காத இங்கிலிஷ எங்க படிச்சீங்க?"

"அதுல பாதி நீங்க சேர்த்தது சேர்."

"நான் சேர்த்தது ஒரு வெயிட்டுக்கு."

அவளிடம் ஒரு மெலிந்த புத்தகம் இருந்தது. பழைய ஆங்கில எழுத்தாளர்கள் உரைநடை எழுதுகிறவர்களுக்குச் சொன்ன புத்திமதிகளின் தொகுப்பு. மாத்தளையில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது, அதுவரை திறக்கவில்லை. அன்று திறந்தாள். வெட்டக்கூடிய சொல்லை வெட்டு என்றது முதல் பக்கம்.

அறிக்கையின் முதல் வாக்கியம் இது: 'எதிர்பாராத சூழ்நிலைகளின் காரணமாக, மிளகு உலர்த்தும் இயந்திரத்தின் முழுமையான பயன்பாடு குறித்த காலப்பகுதியில் துரதிருஷ்டவசமாக எய்தப்படவில்லை.' அவள் வெட்டினாள். வெட்ட வெட்ட, பலாப்பழத்தில் சுளையைத் தேடுவது போல் இருந்தது. கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: 'இயந்திரம் ஓடவில்லை.'

"என்ன மிஸ் இது, பொலிஸ்ல குடுக்கிற வாக்குமூலமா?" என்று இராசலிங்கம் கத்தினார்.

"தெளிவா இருக்கா இல்லையா சேர்?"

"தெளிவாத்தான் இருக்கு. அதுதானே பிரச்சினை!"

ஒரு காரியத்தைச் சொன்னால் செய்தவரையும் சொல் என்றது அடுத்த பக்கம். ஓடாத இயந்திரத்தை நிறுத்தியது யார்? அவள் சாரதி இத்ரூஸிடம் கேட்டாள். தம்புள்ளையில் சுற்றுலாக்காரருக்கு வேன் ஓட்டிவிட்டு வந்தவர் அவர். எதையும் மறைக்கத் தெரியாது.

"கரண்ட் பில் வந்திச்சு மிஸ். சேர் பில்லப் பார்த்தாரு. பார்த்திட்டு, நிப்பாட்டுடான்னாரு."

அவள் எழுதினாள்: 'முகாமையாளர் இயந்திரத்தை நிறுத்தினார்.'

"என் பேரையா போட்டீங்க?"

"பேர் போடல சேர். பதவிய மட்டும்தான் போட்டேன்."

"அந்தப் பதவியில நான் ஒருத்தன்தானே இருக்கேன்! வேணும்னா 'நாங்கள்'னு போடுங்க."

போட்டாள். இப்போது குற்றத்தில் அவளுக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

கண்ணால் கண்டதை எழுது என்றது இன்னொரு பக்கம். இத்ரூஸோடு கிராமத்துக்குப் போனாள். வீதியின் பாதியில் மிளகு காய்ந்தது. மறுபாதியில் பஸ் போனது. நல்லம்மா என்ற விவசாயி வெறுங்காலால் மிளகைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, மிஷினுக்குக் கொண்டு வரலாமே?"

"மிஷினுக்கு மிளகத் தூக்கிட்டு வர ஆட்டோவுக்கு யாரு மகளே காசு குடுக்கிறது? வெயில் வாசலுக்கே சும்மா வருதே!"

அதையும் எழுதிக்கொண்டாள்: 'விவசாயிகள் வீதியில் மிளகைக் காய வைக்கிறார்கள். வெயிலுக்குச் செலவில்லை.'

மிச்சமிருந்தவை 'துரதிருஷ்டவசமாக', 'ஆழ்ந்த வருத்தத்துடன்' போன்ற சொற்கள். அங்கே அவள் கை நின்றது. சுகமா என்று அம்மா தொலைபேசியில் கேட்டால்கூட, 'பரவாயில்ல, கொஞ்சம் வேலை, இருந்தாலும் ஒரு மாதிரிப் போகுது' என்று சுற்றி வளைத்துத்தான் அவளுக்குப் பதில் வரும். சுகமில்லை என்று ஒரு சொல்லில் அவள் யாரிடமும் சொன்னதில்லை. யாராவது திட்டுவதற்கு முன்பே தலையைக் குனிந்துகொள்ளும் பழக்கம். அந்தப் பழக்கம்தான் ஆங்கிலத்தில் 'துரதிருஷ்டவசமாக' என்று வந்து உட்கார்ந்திருந்தது. அவள் தன்மேலேயே எரிச்சலோடு அவற்றையும் வெட்டினாள்.

அறிக்கை அரைப் பக்கத்துக்கு வந்து நின்றது. இராசலிங்கம் வாசித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார்.

"இது அறிக்கை இல்ல மிஸ். மரண அறிவித்தல். அந்த 'வருத்தத்துடன்'ஐ மட்டுமாவது திரும்பப் போடுங்க."

"வருத்தப்பட்டீங்களா சேர்?"

"பில்ல பார்த்தப்ப பட்டேன்."

வெள்ளிக்கிழமை மாலை சரிந்துகொண்டிருந்தது. "விளங்கலன்னு திரும்பி வந்தாலும் வேலை போயிரும். விளங்கினாலும் போயிரும்" என்றாள் சிவதர்ஷினி. "எதுக்கும் விளங்கிட்டே போகட்டும்." அனுப்பிவிட்டாள்.

திங்கட்கிழமை பதில் வந்தது: 'நன்றாக விளங்கியது. நேரில் வருகிறோம்.'

அந்த வாரம் முழுவதும் இராசலிங்கம் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. இயந்திரத்தைக் கழுவச் சொன்னார். மாலை போடச் சொன்னார். பிறகு மாலை தீப்பிடிக்கும் என்று கழற்றச் சொன்னார். வீதியில் கிடக்கும் மிளகை அள்ளச் சொல்லி ஊருக்கு ஆள் அனுப்பினார், ஊர் சிரித்தது. நல்லம்மா மட்டும் மரியாதைக்கு ஒரு மூட்டை கொடுத்தனுப்பினாள்.

நிறுவனத்திலிருந்து பார்வையாளர் வரும் நாள் காலையில் இயந்திரத்தை ஓட்டினார்கள். அது இருமியது, உறுமியது, நல்லம்மாவின் மிளகைக் கரியாக்கியது, கடைசியில் அந்த ஒழுங்கையின் எல்லா வீடுகளுக்கும் கரண்டை நிறுத்தியது. அலுவலகம் தும்மியது. அயல்வீட்டார் மதிலுக்கு மேலாகத் திட்டினார்கள்.

"பாருங்க, உங்க எளிய இங்கிலிஷ்!" என்று தும்மலுக்கு இடையில் கத்தினார் இராசலிங்கம். "மூடி மறைச்சு எழுதியிருந்தா இன்னொரு வருஷம் ஓட்டியிருக்கலாம்!"

சிவதர்ஷினி மேசை லாச்சியிலிருந்து தன் சாமான்களை எடுத்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினாள். பார்வையிட வந்த வெள்ளைக்கார அம்மாளை மாத்தளையிலிருந்து அழைத்துவரப் போன இத்ரூஸை மத்தியானமாகியும் காணவில்லை. சிவதர்ஷினியே அவரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"எங்க நிக்கிறீங்க இத்ரூஸ்?"

"மிளகு காயிற ரோட்டுலதான் மிஸ். வெள்ளைக்கார நோனா சப்பாத்தக் கழட்டி வச்சிட்டு நல்லம்மாவோட சேர்ந்து மிளகு கிளறுறாங்க. ஏறுங்கன்னா ஏற மாட்டேங்கிறாங்க."

"உங்க அல்லாவுக்காகச் சொல்லுங்க இத்ரூஸ், எவ்வளவு கோவமா இருக்காங்க?"

"கோவமா? கரண்டத் திங்கிற மிஷின நிப்பாட்டிட்டு எல்லாரையும் வெயிலுக்கு மாத்தினதுதான் நம்ம திட்டம்னு உங்க அறிக்கையில அவ்வளவு தெளிவா இருந்திச்சாமே மிஸ், இதையே இன்னும் ஆறு ஊர்ல செய்யச் சொல்லிக் காசு தாறாங்களாம்!"