மூக்குச் சொட்டும் முறுக்கிய மீசையும்

ஒரு காட்டில், வைத்ததை வைத்த இடத்தில் மறந்துவிடும் அணில் ஒருத்தி இருந்தாள். பெயர் சிலம்பாயி. மழைக்காலத்துக்கென்று வாதாங்கொட்டைகளை மண்ணில் புதைத்து வைத்திருந்தாள். அதுவரை சமர்த்துதான். எங்கே புதைத்தாய் என்று கேட்டால் மட்டும் வானத்தைப் பார்ப்பாள். வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. கூட்டில் மூன்று குட்டிகள். கொட்டை கிடைக்காவிட்டால் மழை முடியும்வரை பட்டினிதான். பாவம், பார்த்த இடமெல்லாம் தோண்டிப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து முள்ளம்பன்றி டாக்டர் ஆராய்ச்சி முகாம் போட்டார். மூக்கில் நாலு சொட்டு இன்சுலின். அது மூளைக்குள் போனால் மறந்ததெல்லாம் ஞாபகம் வருமாம். சிலம்பாயி விடிந்தும் விடியாமலும் போய் வரிசையில் நின்றாள்.

டாக்டர் தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கிப் படிவம் எழுத உட்கார்ந்தார்.

“பெண்ணா? கிடையாது. அடுத்தது யாரு?”

“ஏன் டாக்டர்?”

“மூளை வாசல்ல ஒரு காவல்காரன் இருக்கான்னு வச்சுக்கோம்மா. இன்சுலினை உள்ள விடுறது அவன்தான். உங்களுக்கு ஹார்மோன் இன்னிக்கு ஏறும், நாளைக்கு இறங்கும். அதைப் பார்த்து அவன் ஒருநாள் கதவை அகலத் திறப்பான், ஒருநாள் ஒருக்களிச்சு வைப்பான். எவ்வளவு உள்ள போச்சுன்னு நான் எப்படிச் சொல்றது?”

“அதைக் கண்டுபிடிக்கத்தானே ஆராய்ச்சி?”

“வேலை ஜாஸ்தியாயிடும்மா.”

“ஆம்பளைங்களுக்கும் ஹார்மோன் இருக்குல்ல?”

“இருக்கு. படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லை. வேணும்னா உன் வீட்டுக்காரரை அனுப்பு.”

வீட்டுக்காரன் வேலப்பனும் கொட்டை புதைத்தபோது கூட இருந்தவன்தான். அவனுக்கு ஞாபகம் வந்தாலும் போதுமே! ‘முகாமுக்குப் போகவும்’ என்று ஓர் இலையில் எழுதி, அவன் வாலிலேயே கட்டி அனுப்பினாள். சாயங்காலம் திரும்பி வந்தான்.

“போனீங்களா?”

“எங்கே?”

முதல் தூறல் அவள் மூக்கில் விழுந்தது. சிலம்பாயிக்கு வந்த கோபத்தில் வால் இரண்டு மடங்கு புசுபுசுத்தது.

மறுநாள் அதே வரிசை. மீசையை மேல்நோக்கி முறுக்கிவிட்டுக்கொண்டு போய், ‘ஆண்’ என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக் போட்டாள். அணிலில் பெண்ணுக்கும் மீசை உண்டென்று டாக்டருக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். படிவத்தைவிட்டுக் கண்ணை எடுத்தால்தானே தெரியும்!

நாலு சொட்டு விட்டார். ஒரு தும்மல் வந்தது. பாதி வழியில் ஞாபகமும் வந்தது: நாவல் மரம், தெற்குப் பக்க வேர், மூன்று சாண். ஓடிப்போய்த் தோண்டினாள். கொட்டைகள் அப்படியே இருந்தன. குட்டிகள் தின்பதைப் பார்த்துச் சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

மழை விட்டதும் டாக்டர் மேடை போட்டு, மருந்து பலித்தவர்களை ஏற்றி நிறுத்தி அறிவித்தார். “ஆண்களில் பத்துக்குப் பத்து வெற்றி! பெயர் கொடுத்த மற்ற ஆண்கள் தேதியை மறந்துவிட்டதால் வரவில்லை.”

சிலம்பாயி மேடையில் தன் பக்கத்தில் நின்ற மற்ற ஒன்பது ‘ஆண்களை’ப் பார்த்தாள். புனுகுப்பூனை மீசையை முறுக்கியபடி கண்ணடித்தது. கடமான் கம்பீரமாக நின்றிருந்தது. அதன் மடியில் கன்று பால் குடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து, முகாம் வாசலில் புதுப் பலகை மாட்டினார்: ‘ஆண்களுக்கு மட்டும்.’

நீதி: மூளையின் கதவு எந்த நாளில் எவ்வளவு திறக்கும் என்று டாக்டருக்கே தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம், மீசையை முறுக்கினால் முகாமின் கதவு எல்லா நாளும் முழுசாகத் திறக்கும்.