நாற்பத்தேழாம் நம்பர் மயில்

தையல்காரர் வீட்டுக் கொல்லையில் மூன்று மயில்கள் வந்து இறங்கியது ஒரு திங்கட்கிழமை. எங்கிருந்து வந்தன, யார் அனுமதியோடு வந்தன என்பதற்கு ஆவணம் ஏதும் இல்லை. ஓர் ஆண், இரண்டு பெண். ஆண் வந்ததும் வராததுமாகத் துணிக்கொடிக்குக் கீழே தோகையை விரித்து நின்றது. அதை ரசிக்கத் தையல்காரருக்கு நேரமில்லை. பெண்களில் ஒன்று இடது காலைத் தூக்கியபடியே நின்றதைத்தான் பார்த்தார். அளவெடுத்துப் பழகிய கண்ணுக்கு ஒரு கால் தரையில் படவில்லை என்று தெரிய எவ்வளவு நேரமாகும்?

"என்னங்க, கால் ஒடிஞ்சிருக்கு. பாவம், ஏதாவது செய்யுங்க," என்றாள் மனைவி.

செய்தார். காலருக்கு வைக்கும் கேன்வாஸை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, மடித்து, காலுக்கு முட்டுக் கொடுத்து, மேலே லைனிங் துணியைச் சுற்றி ஓரம் தைத்தார். மடியில் பிடித்துக்கொண்டிருந்த மனைவியை மயில் ஏழு இடத்தில் கொத்தியது. அதோடு நிறுத்தியிருந்தால் வம்பே இல்லை. ஆனால் மனிதருக்கு முப்பது வருஷப் பழக்கம் ஒன்று உண்டு. கைக்கு வந்த எந்த உருப்படியும் நம்பர் துணி இல்லாமல் அவர் மேஜையை விட்டு இறங்காது. மாமியாரின் போர்வைக்கே நம்பர் போட்ட புண்ணியவான். அந்த மாதம் அதுவரை நாற்பத்தாறு உருப்படி வந்திருந்தது. கை தன்பாட்டுக்கு ஒரு துண்டுத் துணியில் 47 என்று எழுதி, கட்டின் ஓரத்தில் நாலு தையல் போட்டுவிட்டது.

மறுநாள் மயிலைக் கூடையில் வைத்துக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனார். டாக்டர் நல்ல மனுஷர்தான். ஊசியோடு கிட்டே வந்தவர், நம்பரைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"நம்பர் போட்ட பறவைன்னா அது பறவை நல அலுவலகத்துச் சொத்து. அவங்க உத்தரவு இல்லாம தொட்டா என் வேலை போயிடும்."

"நான்தான் சார் போட்டேன். இப்பவே பிரிச்சிடறேன்."

"பிரிச்சா அது தனிக் குற்றம்," என்றார் டாக்டர், மிகுந்த அக்கறையோடு.

பறவை நல அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. பதினோரு வருஷமாக அங்கே ஒரு பறவை சம்பந்தமாகவும் யாரும் வந்ததில்லை. ஆகவே அதிகாரி தையல்காரரை நாற்காலி போட்டு உட்காரவைத்தார், புது ஃபைல் ஒன்றைத் தூசி தட்டித் திறந்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார், நாற்பத்தேழு இங்கே இருக்கிறதென்றால் மற்ற நாற்பத்தாறு எங்கே என்று.

"அதெல்லாம் சட்டை, பேன்ட் சார். டெலிவரி கொடுத்தாச்சு. நாலுக்கு மட்டும் இன்னும் பட்டன் வைக்கலை."

அதிகாரி கோபப்படவில்லை. படிவத்தைத் திருப்பிக் காட்டினார். இனம், பால், வயது, இறகின் நிறம் என்று நான்கு கட்டங்கள். சட்டை என்று எழுதக் கட்டம் இல்லை. கட்டமே இல்லாத ஒன்று அலுவலகத்துக்குள் எப்படி வர முடியும்? எனவே நாற்பத்தாறும் மயில்களே. "நாற்பத்திரண்டு மயில்கள் வெளியாரிடம் ஒப்படைக்கப்பட்டன, நான்கு முழுமை பெறாத நிலையில் உள்ளன" என்று எழுதி, அதில் தையல்காரரின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார். அத்தனையும் நேரில் பார்த்துச் சரிபார்த்த பிறகுதான் வைத்திய உத்தரவு.

"அதுக்குள்ள கால் கோணிப்போயிடுமே சார்," என்றார் தையல்காரர்.

"கோணட்டும். கோணின காலுக்குத் தனி விண்ணப்பம் இருக்கு."

தையல்காரரின் அளவு நோட்டிலிருந்து விலாசம் எடுத்து, நாற்பத்தாறு வாடிக்கையாளருக்கும் நோட்டீஸ் பறந்தது. முதல் நாள் அவர்கள் கடை வாசலில் சண்டைக்கு வந்து நின்றார்கள். இரண்டாம் நாள்தான் நோட்டீஸை முழுசாகப் படித்தார்கள். 'அரிய உயிரினத்தைத் தம் பொறுப்பில் பேணிவரும் பெருமதிப்புக்குரியவர்' என்று அச்சடித்திருந்தது. மூன்றாம் நாள் அது கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் ஏறிவிட்டது. அப்புறம் கேட்பானேன்! எதிரே வந்தால் சௌக்கியமா என்று கேட்பது போய், உங்களுக்கு எத்தனாம் நம்பர் என்று கேட்க ஆரம்பித்தார்கள். பதின்மூன்றாம் நம்பர்க்காரர் தெருவில் தலையைக் குனிந்து நடந்தார். திரைச்சீலை, செருப்பு, கைப்பை எல்லாம் மயில் நிறத்துக்கு மாறின. அதிகாரி பார்க்க வரும்போது காட்டுவதற்காகத் தானியம் இறைத்து மயில் பிடித்தவர்கள் ஒன்பது பேர். மற்றவர்கள் கோழிக்கும் வாத்துக்கும் நம்பர் தைத்துத் தரச் சொன்னார்கள். தையல்காரரும் தைத்துக் கொடுத்தார். சீக்கிரம் எண்ணி முடித்தால் சீக்கிரம் உத்தரவு வருமே என்ற நப்பாசை. அதிகாரி வீடு வீடாகப் போய், வாத்துக்கு நேரே 'வளரும் பருவம்' என்று குறித்துக்கொண்டார்.

இதற்கெல்லாம் இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் தையல்காரர் வாரம் ஒரு தரம் கேன்வாஸை மாற்றிக் கட்டினார். மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து தானியம் ஊட்டினாள். ஒரு நாள் காலையில் மயில் இடது காலை மெல்லத் தரையில் ஊன்றியது. அப்புறம் நடந்தது. அப்புறம் சுவர்மேல் தாவி ஏறியது. தையல்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டைப் பிரித்துத் தூர எறிந்தார்.

அன்று மதியம் அதிகாரி உத்தரவோடு வந்தார். கூடவே டாக்டர். பின்னால் நாற்பத்தாறு வீட்டுக்காரர்களும். நாற்பத்தேழாம் எண் மயிலின் ஒடிந்த இடது காலுக்கு உடனே கட்டுப் போட வேண்டும் என்பது உத்தரவு.

"ஒடிஞ்ச கால் எங்கே?"

"ஆறிடுச்சு சார். பாருங்க, எப்படி நடக்குது!"

அதிகாரியின் முகம் வாடிவிட்டது. கால் ஒடியவில்லையென்றால் உத்தரவு செல்லாது, உத்தரவு செல்லாவிட்டால் ஃபைல் இல்லை, ஃபைல் இல்லாவிட்டால் ஒன்றிலிருந்து நாற்பத்தாறு வரை எதுவுமே கிடையாது என்று நிதானமாக விளக்கினார். பின்னால் நின்ற கூட்டத்தில் அவரவர் கூடத்துச் சுவர் அவரவர் கண்ணுக்குள் வந்துபோயிற்று.

எதிர்வீட்டு அக்காதான் முன்னால் வந்தாள். "அண்ணே, ஒரு சின்னக் கட்டுதானே? இத்தனை பேரும் உங்ககிட்டதான் துணி தைக்கிறோம். கொஞ்சம் யோசிங்க."

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். "இவங்களைப் பகைச்சுக்கிட்டு நாம எங்கங்க போறது?" என்று சொல்லிவிட்டு, கையில் தானியத்தோடு கொல்லைக்குப் போனாள். மயில் தானாகவே அவள் மடிக்கு வந்தது. இந்தத் தடவை கொத்தவில்லை.

டாக்டர் மாவுக்கட்டு போட்டார். தையல்காரர் தூர எறிந்த நம்பர் துணியைத் தேடி எடுத்து, கட்டின்மேல் சுற்றித் தைத்தார். கீழே இறக்கிவிட்டதும் மயில் ஓரடி வைத்துப் பார்த்தது, தடுமாறியது, இடது காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியது.

"இப்பதான் ஃபைல்ல இருக்கிற மாதிரி நடக்குது," என்றார் அதிகாரி. அத்தனை பேரும் நிம்மதியாகக் கை தட்டினார்கள்.

கட்டு முட்டியில் இறுக்குகிறது, ஒரு விரல் தளர்த்த வேண்டும் என்று தையல்காரருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வெட்கமாக இருந்தது அவருக்கு. ஆனாலும் எல்லோரோடும் சேர்ந்து அவரும் கை தட்டினார்.