குல்லா மாமாவும் கைக்குழந்தையும்

எல்லா ஊரிலும் இந்த இனம் உண்டு. கைக்குழந்தையோடு ஒரு பெண் தெருவில் இறங்கினால் போதும், எங்கிருந்தோ முளைத்துவிடுவார்கள். குழந்தை அழுதால் “பசிக்குதும்மா” என்பார்கள். பால் கொடுத்தால் “இப்பத்தானே கொடுத்த, செரிக்க வேணாமா” என்பார்கள். தூங்கினால் “கழுத்து தொங்குது பாரு” என்பார்கள். விழித்துக்கொண்டு சிரித்தாலோ, சிரிப்பில் என்ன குறை கண்டுபிடிப்பது என்று ஒரு கணம் திகைத்துவிட்டு, “ரொம்பச் சிரிச்சா விக்கல் வரும்” என்பார்கள். கூலி கேட்கமாட்டார்கள். விடுப்பு எடுக்கமாட்டார்கள். ஆனால் தள்ளுவண்டியைத் தூக்க ஒரு கை கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், அந்த நொடியே இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

இவர்களுக்கு யோசனைக்காரர்கள் என்று பெயர் வைப்போம். வேறு பெயர் வைத்தால் அதற்கும் ஒரு யோசனை சொல்வார்கள்.

இந்த இனத்தின் உச்சத்தில் இருந்த ஒருவர், ஒரு பேருந்து நிறுத்தத்துக்கு எதிரிலேயே குடியிருந்தார். தபால் அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மேற்பார்வையை மட்டும் விட முடியவில்லை. வெயிலோ மழையோ, எந்தக் குழந்தையைக் கண்டாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை “குல்லா எங்க?” அதனால் அவர் குல்லா மாமா ஆனார். அடுத்தவருக்குக் குல்லா போடுகிறவர்கள் எத்தனையோ பேர். போடச் சொல்லித் தெருத்தெருவாக மன்றாடியவர் இவர் ஒருவர்தான்.

அவருக்கும் பிள்ளைகள் உண்டு, வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்டால் “நாங்க அடிக்காம வளர்த்தோம்” என்பார். அந்த “நாங்க”வில் அவர் பங்கு எவ்வளவு என்று அவர் மனைவியைக் கேட்டால், துணி மடிப்பதை நிறுத்தாமல், “பக்கத்துல உட்கார்ந்து சொல்லிட்டே இருப்பாரு” என்பார். புகைப்படம் எடுக்கும்போது மட்டும் தூக்கிக்கொள்வாராம்.

இப்படி இருக்கையில் நகராட்சிக்கு ஒருநாள் திடீரென்று ஞானம் பிறந்தது. சின்னக் குழந்தைகளும் அவர்களைச் சுமப்பவர்களும் சிரமமில்லாமல் நடமாடும்படி நகரத்தை மாற்றப்போகிறோம், பொதுமக்கள் நேரில் வந்து யோசனை சொல்லலாம் என்று அறிவித்தார்கள். யோசனை சொல்லலாமா? மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆயுள் முழுக்கக் குளியலறையில் பாடியவனை மேடைக்குக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? கூட்டத்தன்று காலை, இருப்பதிலேயே நல்ல சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பேருந்துக்குப் போய் நின்றார்.

நிறுத்தத்தில் தையல்கடையில் வேலை பார்க்கும் பெண் நின்றிருந்தாள். பக்கத்துத் தெருக்காரி. தடுப்பூசி போடப் போகிறாள். இடுப்பில் கைக்குழந்தை, முன்னால் தள்ளுவண்டி, அவள் பை வாரைப் பிடித்தபடி பெரியவள்; பெரியவள் என்றால் இன்னும் பள்ளிக்கூடம் சேர்க்கும் வயசுகூட ஆகவில்லை. மாமா இவளுக்குப் புதியவர் அல்ல. அந்தக் குழந்தை வயிற்றில் இருந்தபோதே அதற்கு யோசனை சொன்னவர்.

பேருந்து வந்தது. படி உயரம். மாமா ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு திரும்பி, முதலில் வண்டியை மடிக்கவேண்டும், பிறகு பெரியவளை ஏற்றவேண்டும், கைக்குழந்தை கடைசி என்று விளக்கினார். 

“சரி மாமா. இவனைக் கொஞ்சம் பிடிங்க” என்று குழந்தையை அவர் கையில் வைத்துவிட்டாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். அவளோ சும்மா சொன்னாள். என்ன செய்வது? வாங்கிக்கொண்டு ஏறி, முதல் இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக மேற்பார்வையைத் தொடர்ந்தார். அந்தப் பொத்தானை அமுக்கு, அது இல்லை, கீழே இருப்பது. வண்டி மடங்க மறுத்தது. அவள் குனிந்து அதோடு மல்லுக்கட்ட, பெரியவளின் செருப்பு கழன்று விழ, நடத்துநர் எட்டிப் பார்த்தார். குழந்தையோடு வந்தவர் உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதானே? விசில் ஊதினார். பேருந்து கிளம்பிவிட்டது.

பின்கண்ணாடியில் அவளைப் பார்த்தார் மாமா. வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். பெரியவள் பின்னால் தனியாக நிற்பது ஞாபகம் வந்து நடுத்தெருவில் நின்றாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்று, வாழ்க்கையில் முதல்முறையாகச் சொல் கிடைக்காமல் தடுமாறி, கடைசியில் சத்தமாகச் சொன்னார்:

“வண்டிய நிறுத்துங்க. இது என் குழந்தை இல்ல.”

சொல்வதற்கு எத்தனையோ இருக்க, இதைச் சொன்னார். பேருந்து மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. விஷயத்தை விளக்குவதற்குள் பேருந்து பாலத்தில் ஏறிவிட்டது. பாலத்தில் நிறுத்த முடியாது, இறங்கியதும்தான் என்றார் ஓட்டுநர். அந்த நேரம் பார்த்துக் குழந்தை விழித்து, தன்னைத் தூக்கியிருக்கும் மூஞ்சியைப் பார்த்து, வீறிட்டது.

அவ்வளவுதான். முன்னால் இருந்தவர் தோளில் போடச் சொன்னார். பின்னால் இருந்த அம்மாள் தோளில் போடவே கூடாது, மூச்சு முட்டும் என்றார். காய்கறிப் பையோடு இருந்தவர் பசி என்றார், அவர் பக்கத்தில் இருந்தவர் சூடு என்றார், யாரோ ஒருவர் “பச்சக் குழந்தைக்குக் குல்லாகூடப் போடாம கொண்டு வந்திருக்காரு பாரு” என்றார். யோசனைகள் நாலாபுறமும் வந்து விழுந்தன. ஒரு கையாவது நீண்டதா? இல்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இறங்கியதும் மாமா வந்த வழியே நடக்கத் தொடங்கினார். நடைபாதையில் ஏறினால் ஒரு கடைப் பலகை வழியை மறித்தது. சுற்றிப் போனால் இருசக்கர வண்டிகள். சாலையில் இறங்கினால் காதருகே ஹாரன். எப்படியோ பாலத்தடிக்கு வந்தார்; பேருந்துகளுக்குச் சாலை, நடப்பவர்களுக்குப் பக்கத்தில் படிக்கட்டு. காலமெல்லாம் ஏறி இறங்கிய பாலம்தான், இத்தனை படிகள் இருப்பதை இன்றுதான் பார்த்தார். எப்போதும் கைப்பிடியைப் பிடித்து ஏறியவர், இன்று பிடிக்கக் கை இல்லை. ஒவ்வொரு படியாகக் காலால் தடவி ஏறினார். பாதிப் படியில் குழந்தை அழுகையை நிறுத்தி, அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. அவரும் நின்றார். பிடித்த பிடியைக் கலைக்காமல் மெதுவாக மீண்டும் ஏறினார்.

பாலத்தின் நடுவில் அவள் எதிரே வந்தாள், பெரியவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மூச்சிரைக்க. குழந்தையை வாங்கித் தலை, கழுத்து, கால் என்று தடவிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நடத்துநர்மேல் சொல்வதற்கு மாமா வரும் வழியெல்லாம் நல்ல வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தார். வாயில் வந்தது இதுதான்:

“அழுதான்மா. என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். “தெரியலன்னு நீங்க சொல்லி இன்னைக்குத்தான் மாமா கேக்கறேன்.”

பெரியவளுக்கு இதெல்லாம் முக்கியமில்லை. மற்றது வழியில் தொலைந்திருக்க, கையிலிருந்த ஒற்றைச் செருப்பை அவரிடம் நீட்டினாள். மாமா மண்டியிட்டுப் போட்டுவிட்டார். கால் மாறி. யாரும் திருத்தவில்லை.

திரும்பிப் போய், நிறுத்தத்தில் கிடந்த தள்ளுவண்டியை எடுத்து, அதை மாமாவே தள்ளி, ஊசி போட்டு முடித்துவிட்டு அவர் கூட்டத்துக்குப் போனபோது அது முடியும் தறுவாயில் இருந்தது. சுவரெல்லாம் கார்ட்டூன் வரையலாம், சிக்னலில் பாட்டுப் போடலாம், பூங்கா வாசலில் பெரிய டைனோசர் வைக்கலாம் என்று யோசனைகள் குவிந்திருந்தன. மாமா எழுந்ததும் அவர் வாயை அறிந்த அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். தோளில் பால் கக்கிய கறையோடு அவர், கீழே நிற்கும் அம்மா ஏறும்வரை பேருந்து நகரக்கூடாது, பாலத்துக்குச் சாய்வுப் பாதை வேண்டும் என்று இரண்டே இரண்டு சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். உடம்பு சரியில்லையோ என்று ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சாய்வுப் பாதை வந்தது. பாலத்தின் ஒரு முனையில். மறுமுனை பரிசீலனையில் இருக்கிறது. டைனோசர் உடனே வந்துவிட்டது.

மாமா திருந்திவிட்டாரா என்று கேட்காதீர்கள். இப்போதும் நிறுத்தத்தில்தான் நிற்கிறார். பேருந்து வந்ததும் ஒரு காலைப் படியில் ஊன்றிக்கொண்டு, குழந்தையோடு வருபவர்கள் எல்லாரும் ஏறும்வரை எடுக்கமாட்டார், நடத்துநர் முணுமுணுப்பார். தள்ளுவண்டியை மாமாவே மடித்துக் கொடுப்பார். மடிக்கும்போது எப்படி மடிக்கவேண்டும் என்று விளக்கிக்கொண்டேதான் மடிப்பார். வாய் அதுபாட்டுக்கு ஓடும், அதை யாரால் நிறுத்த முடியும்?

இருக்கட்டும், உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். அந்தப் பெண் குழந்தையை மாமா கையில் கொடுத்த இடத்தில், “என்ன பொண்ணு இவ, வண்டிய முன்னாடியே மடிச்சு வச்சிருக்கலாமே, குழந்தைய யார்கிட்டயாவது கொடுப்பாங்களா” என்று உங்கள் மனசுக்குள் ஒரு குரல் கேட்டதா? கேட்டிருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லா நிறுத்தத்திலும் உங்கள் ஆட்கள் நிற்கிறார்கள், நகர்ந்து இடம் கொடுப்பார்கள். போகும்போது மட்டும் கையில் ஏதாவது ஒரு பையை எடுத்துக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு நிற்பவரிடம்தான் பொசுக்கென்று குழந்தையைக் கொடுத்துவிடுகிறார்கள்.